லட்சத்தெட்டின் மீதி

என் அக்கா எண்களை மதிக்கிறவள் அல்ல. சமையலில் அவளுக்குத் தெரிந்த அளவுகள் இரண்டே: 'கொஞ்சம்', 'இன்னும் கொஞ்சம்'. வயதைக் கேட்டால் தோராயமாகச் சொல்வாள். அந்தத் தோராயம் பல வருடங்களாக மாறவில்லை. அப்படிப்பட்டவள், நெஞ்சுவலியோடு வந்த அத்திம்பேரை, அவள் கணவரை, மருத்துவமனை ஊழியர்கள் ஸ்ட்ரெச்சரில் உள்ளே தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தியபோது, அந்தக் கதவைப் பார்த்தபடியே மிகத் துல்லியமான ஓர் எண்ணை வேண்டிக்கொண்டாள்.

"லட்சத்தெட்டு நாமம். ஆயிரத்தெட்டு நாமாவளியச் சொல்லி, நம்ம தெரு சிவனுக்கு அர்ச்சனை பண்றேன். இவர் முழுசா வெளில வரட்டும்."

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் அத்திம்பேரின் மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம், பல்செட். அந்த நேரத்தில் அவள் எந்த எண்ணைச் சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.

லட்சம் புரிகிறது, எட்டு எதற்கு என்று யாராவது கேட்கலாம். நாங்கள் வசிக்கும் வலியசாலைத் தெருக்களில் வெறும் நூறு என்பது குளித்துவிட்டு நெற்றிக்கு இடாமல் வந்து நிற்பது மாதிரி. நூற்றெட்டு, ஆயிரத்தெட்டு, பதினாயிரத்தெட்டு என்றுதான் போகும். முன்னால் உள்ள எண் எவ்வளவு பெருத்தாலும் பின்னால் வரும் எட்டு மட்டும் உடம்பு போடாது. ஏன் எட்டு என்று சின்ன வயதில் நான் கேட்டதில்லை. ஐம்பதைத் தாண்டிய பிறகு கேட்க வேண்டிவந்தது.

அத்திம்பேர் முழுசாகத்தான் வெளியே வந்தார், உள்ளே ஒரு ஸ்டென்டோடு. ஆனால் மருத்துவர் எங்களை உட்காரவைத்து, திரையில் படத்தைக் காட்டினார். இன்னொரு குழாயிலும் அடைப்பு இருக்கிறது. சில வாரம் உடம்பு தேறட்டும், பிறகு அதையும் திறந்துவிடலாம். ஆனால் தள்ளிப்போடக் கூடாது என்று சொல்லித் தேதியும் கொடுத்தார். மென்மையான மலையாளத்தில் சொன்னார். இந்த ஊரில் மருத்துவர்கள் எவ்வளவுக்கு எவ்வளவு குரலைத் தாழ்த்துகிறார்களோ அவ்வளவுக்கு அவ்வளவு நாம் பயப்பட வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா சொல்லிவிட்டாள்.

"மொதல் வேண்டுதல முடிக்காம, ரெண்டாவது தடவ அந்தக் கதவு முன்னால எந்த மூஞ்சிய வெச்சுண்டு நிப்பேன்? அர்ச்சனை முடியட்டும். அப்பறம் போலாம்."

"டாக்டர் தேதி குடுத்திருக்காரே, அக்கா."

"தேதிக்கு முன்னால முடி. நீ கணக்குல டிகிரி வாங்கினவன்தானே?"

வாங்கினவன்தான். அதற்குப் பிறகு அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்புவதிலும், ஓய்வு நேரத்தில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுவதிலும் அந்தப் பட்டத்தைக் கவனமாக மறந்திருந்தேன். என் கட்டுரைகளைப் படித்து அக்கா இதுவரை சிரித்ததில்லை. என் கணக்கில் மட்டும் அவளுக்கு நம்பிக்கை. இரண்டுமே அவளிடம் ஆதாரமற்றவை.

எங்கள் தெருப் புரோகிதரான வாத்தியார் வந்தார். கோவிலில் இது மாதிரி பல நடத்தியவர். நாமாவளி ஒருமுறை முழுவதும் சொல்லி முடிப்பது ஓர் ஆவர்த்தி. அதுதான் அவருடைய அலகு.

"ரொம்ப சிம்பிள் மாமி. ஆயிரத்தெட்ட நூறு ஆவர்த்தி சொன்னா லட்சத்தி எண்ணூறு. காரியம் ஆச்சு."

"எண்ணூறா? நான் எட்டுன்னா சொன்னேன்."

"கூடத்தானே இருக்கு? நல்லதாக்கும்."

"கூடச் சொன்னா அது அடுத்த லட்சத்தோட ஆரம்பம். ஆரம்பிச்சுட்டு அம்போன்னு விடறதா?"

வாத்தியார் என்னைப் பார்த்தார். படித்தவன் கைகொடுப்பான் என்ற பார்வை.

"லட்சத்தெட்டு வந்தவொடன நிறுத்திட்டாப் போச்சு," என்றேன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். இப்போது வாத்தியாரும் எதிர்க்கட்சி.

"ஆவர்த்திய நடுவுல நிறுத்தறதா? பின்னே, பாக்கி இருக்கற நாமத்துக்கெல்லாம் நீங்க போய்ப் பதில் சொல்வேளா? எடுத்தா முடிக்கணும். அது நியமம்."

சாய்வு நாற்காலியிலிருந்து அத்திம்பேர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "எனக்கு ரெண்டு அடைப்புன்னுதான் டாக்டர் சொன்னார். இது மூணாவது."

வாத்தியார் சமாதானத்துக்கு வந்தார். "அப்போ எட்ட விட்டுடுவோம் மாமி. வெறும் லட்சம்னு வெச்சுப்போம். பகவான் என்ன, ஆடிட்டரா?"

"அவர் இல்ல. ஆனா சொன்னவ நானாக்கும்," என்றாள் அக்கா.

அதோடு கூட்டம் கலைந்தது. கூடக் கூடாது, குறையக் கூடாது, நடுவில் நிற்கவும் கூடாது. தேதி மட்டும் தானாக நெருங்கிக்கொண்டிருந்தது.

நான் கைப்பேசியில் 1,00,008-ஐ 1008-ஆல் வகுத்துப் பார்த்தேன். 99.2142857142857 என்று வந்தது. அக்காவின் வேண்டுதலைப் பொறுத்தவரை அது கெட்ட செய்தி. ஆனால் எனக்கோ, முப்பது வருடமாகப் பார்க்காத கல்லூரி நண்பனைக் கிழக்கேகோட்டைப் பேருந்து நிலையத்தில் பார்த்த மாதிரி இருந்தது. புள்ளிக்குப் பின்னால் அந்த 142857! இரண்டால் பெருக்கினால் 285714, மூன்றால் பெருக்கினால் 428571. அதே இலக்கங்கள் வட்டமாக நகர்ந்து உட்காரும். ஏழால் பெருக்கினால் மட்டும் விளையாட்டு முடிந்து ஆறு ஒன்பதுகள். ஏழால் வகுபடாத இடத்தில் மட்டுமே தலைகாட்டுகிற எண் அது. அப்படியென்றால் குற்றவாளி ஏழு. ஆயிரத்தெட்டுக்குள் ஓர் ஏழு ஒளிந்திருக்கிறது, லட்சத்தெட்டுக்குள் இல்லை. குற்றவாளியைப் பிடித்துவிட்டேன். குற்றம் அப்படியே இருந்தது.

அடுத்த சில நாட்கள் பேருந்தில் அலுவலகம் போகும்போதும் வரும்போதும் லட்சத்தெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். இரண்டால் வகுத்தேன், மறுபடி இரண்டால், மறுபடியும். பிறகு மூன்று, அதுவும் மும்முறை. கடைசியில் 463 என்று ஒன்று மிச்சம் நின்றது. அதை ஏழால் வகுத்தேன், பதினொன்றால், பதின்மூன்றால், பதினேழால், பத்தொன்பதால். அசையவில்லை. இருபத்து மூன்றின் வர்க்கம் அதைத் தாண்டிவிடுவதால் அதற்கு மேல் தேட வேண்டியதில்லை. 463 பகா எண். பக்கத்து இருக்கைக்காரர் நான் விரலால் தொடையில் எழுதுவதைப் பார்த்துவிட்டு, தம்பானூர் நிறுத்தத்துக்கு முன்பே எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்தார்.

அன்று மாலை நேராக அக்கா வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, லட்சத்தெட்டுன்னா என்ன தெரியுமா? ஆறோட கனம் பெருக்கல் நானூத்தி அறுபத்து மூணு. அதாவது எரநூத்தி பதினாறு தடவ ஒரு பகா எண்!"

அவள் பயத்தம்பருப்பைக் களைந்துகொண்டிருந்தாள். "சரி. அத வெச்சுண்டு என்ன பண்றது?"

"நானூத்தி அறுபத்து மூணு பேர் ஒக்காந்து, ஆளுக்கு நூத்தெட்டு நாமாவளிய ரெண்டு ஆவர்த்தி சொன்னா, கரெக்டா லட்சத்தெட்டு."

"நானூத்தி அறுபத்து மூணு பேருக்கு எல போடணுமே. நீ பரிமாறுவியா?"

அத்திம்பேர் நாற்காலியிலிருந்து, "அதுல எத்தன பேருக்கு ஒங்க அக்கா சாம்பார சாப்பிட்டு நெஞ்சு வலிக்கப்போறதோ," என்றார். அவருக்கு உப்பில்லாத கஞ்சி தொடங்கி இருந்த காலம். எல்லாச் சாம்பார் மீதும் கோபம்.

"ஆளக் கூட்டாம, பத்துப் பேரே அந்தச் சின்ன நாமாவளிய தொள்ளாயிரத்துச் சொச்சம் தடவ சொல்லிட்டா?" என்று இறங்கி வந்தேன்.

"ஆயிரத்தெட்டச் சொல்லின்னு வேண்டிண்டுட்டு, சின்னத வெச்சே ஓட்டறதா? அது ஏமாத்து."

நான் எழுந்தேன். அப்போதுதான் அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அது போட்டும். ஆயிரத்தெட்டால வகுத்தியே, அன்னிக்கு, என்ன வந்தது?"

"தொண்ணூத்தி ஒம்போது புள்ளி ரெண்டு ஒண்ணு நாலு..."

"புள்ளிக்கு அந்தண்ட சாமி பேர் இருக்காடா? அரைச் சங்கரன், கால் சம்புன்னு? மீதி எத்தனன்னு சொல்லு."

கைப்பேசியை மறுபடி எடுத்தேன். மீதி! புள்ளியைப் பார்த்ததிலிருந்து நான் மீதியைப் பார்க்கவேயில்லை. கைப்பேசி மீதி சொல்லாது. அது மீதியை அரைத்துப் பொடியாக்கிப் புள்ளிக்குப் பின்னால் தூவிவிடும். நானும் அந்தப் பொடியை முகர்ந்துகொண்டு ஒரு வாரம் ஏழாம் வாய்பாட்டில் சுற்றியிருக்கிறேன்.

சுவரிலிருந்த காலண்டரில் போன மாதத் தாளைக் கிழித்துத் திருப்பி, நாலாம் வகுப்புப் பையனைப் போலக் கோடு போட்டு வகுத்தேன். பத்தாயிரத்தில் ஆயிரத்தெட்டு ஒன்பது தடவை. மிச்சம் தொள்ளாயிரத்து இருபத்தெட்டு. கடைசியில் நிற்கிற அந்த எட்டைக் கீழே இறக்கினால் ஒன்பதாயிரத்து இருநூற்று எண்பத்தெட்டு. மறுபடி ஒன்பது தடவை. மீதி இருநூற்றுப் பதினாறு.

"ஆறோட கனம்!" என்று கத்தினேன். பழைய ஆசாமி இன்னொரு வாசல் வழியாக வந்து நிற்கிறானே என்ற பரவசம்.

"ரெண்டு நூத்தெட்டு," என்றாள் அக்கா, அதே மூச்சில்.

இருவரும் தாளைப் பார்த்தோம். தொண்ணூற்றொன்பது முறை பெரிய நாமாவளி. இரண்டு முறை சின்ன நாமாவளி. ஒன்று கூட இல்லை, ஒன்று குறைவில்லை, எதையும் நடுவில் நிறுத்த வேண்டாம்.

வாத்தியாரைக் கூப்பிட்டோம். ஆயிரத்தெட்டு முடிந்தபின் நூற்றெட்டு சொல்லி நிறைவு செய்வது வழக்கம்தான் என்றார்; அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம் என்று அக்கா சொன்னாள்; நீங்கள் கேட்கவில்லையே மாமி என்றார் அவர். எனக்கு ஒரு பழைய கணக்கு அவரோடு பாக்கியிருந்தது.

"வாத்யாரே, நீங்க எட்ட விட்டுடலாம்னேளே. விட்டிருந்தா இந்த ஜன்மத்துல வந்திருக்காது."

"அதெப்படி?"

"நூத்தெட்டோட இலக்கத்தக் கூட்டுங்கோ. ஒம்போது. ஆயிரத்தெட்டு? ஒம்போது. ரெண்டும் ஒம்போதால மீதி இல்லாம வகுபடும். அப்போ இத எத்தன தடவ, அத எத்தன தடவ சொன்னாலும், மொத்தமும் ஒம்போதால வகுபட்டே ஆகணும். வெறும் லட்சத்தக் கூட்டினா? ஒண்ணு. அது வகுபடாது. எப்பேர்ப்பட்ட பண்டிதர் வந்து ஒக்காந்தாலும் இந்த ரெண்டையும் முழுசு முழுசா சொல்லி வெறும் லட்சத்துல போய் நிக்க முடியாது. எட்டச் சேத்தாத்தான் வாசலே தெறக்கும்."

என் வாழ்நாளில் நான் செய்த ஒரே முழுமையான நிரூபணம் அது.

"அதான் எட்டுன்னு சொன்னேன்," என்றாள் அக்கா, நான் ஏதோ அவளுக்குச் சாட்சி சொல்ல வந்தவன் மாதிரி.

வாத்தியாருக்குப் பிடித்தது வேறொன்று. "தொண்ணூத்தி ஒம்போதுன்னா பதினோரு பேர், ஆளுக்கு ஒம்போது ஆவர்த்தி. ருத்ரர் பதினோரு பேர், ருத்ர சங்க்யை! பேஷா ஆச்சு. கடைசி ரெண்டு நூத்தெட்டையும் மாமாவும் மாமியும் சொல்லட்டும்."

நாள் குறித்தார்கள், மருத்துவமனைத் தேதிக்கு இரண்டு நாள் முன்பாக. அதற்குப் பிறகு நல்ல நாள் இல்லை. அதற்குப் பிறகு மருத்துவரும் காத்திருக்க மாட்டார்.

அன்றைக்குப் பார்த்து ஹர்த்தால், பேருந்துகூட ஓடாத கடையடைப்பு. யார் எதற்காக அழைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள இந்த ஊரில் யாரும் மெனக்கெடுவதில்லை. கடைக் கதவு சாத்தியிருப்பதைப் பார்த்தால் போதும். அரளியும் வில்வமும் முன்தினமே தோவாளையிலிருந்து கிழக்கேகோட்டைக்கு வந்திருந்ததால் பூவுக்குப் பிழைத்தோம். பத்துப் பேர் சுற்றுத் தெருக்களிலிருந்து நடந்தே கோவிலுக்கு வந்துவிட்டார்கள். பதினோராவது ஆள் நாகர்கோவில்காரர். மாநில எல்லையான களியக்காவிளையில் பேருந்தை நிறுத்தி இறக்கிவிட்டார்கள் என்று அவரிடமிருந்து போன் வந்தது.

நான் உடனே கணக்குப் போட்டேன். இந்தமுறை வேகமாக. "கவலைப்படாதீங்கோ. ஒம்போது பேர் பத்துப் பத்து சொல்லட்டும், ஒருத்தர் ஒம்போது. தொண்ணூறும் ஒம்போதும் தொண்ணூத்தி ஒம்போது. சரியா வரது!"

சரியாகத்தான் வந்தது. யாரும் கேட்கவில்லை. வாத்தியார், போட்டு வைத்திருந்த பதினோரு மணைகளில் காலியாக இருந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என்னைப் பார்த்தாள்.

"மணை காலியா கெடக்கப்படாது. நீ போய் வேஷ்டி கட்டிண்டு வா."

"அக்கா, எனக்கு முட்டி..."

"அவருக்கு நெஞ்சு."

அதற்கு மேல் விவாதிக்க ஒன்றுமில்லை. கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

எனக்குக் கொடுத்த நாமாவளி மலையாள எழுத்தில் இருந்தது. அந்த எழுத்தை நான் அன்றாடம் வாசிப்பது அலுவலகக் கோப்புகளில்தான். ஆகவே முதல் ஆவர்த்தியில் ஒவ்வொரு நாமத்தையும் மேலதிகாரியின் குறிப்பைப் படிப்பதுபோலச் சந்தேகத்தோடு படித்தேன். முன்னால் இடது பக்கம் ஒன்பது கொட்டைப்பாக்கு. ஓர் ஆவர்த்தி முடிந்தால் ஒன்றை வலது பக்கம் நகர்த்த வேண்டும். மற்றவர்கள் மூன்றாவது பாக்கை நகர்த்தியபோது நான் இரண்டாவதை முறைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஆவர்த்தியில் வலது முழங்கால் பேச ஆரம்பித்தது. ஐந்தாவதில் இடதும் சேர்ந்துகொண்டது. நடுவில் சாப்பாட்டுக்கு எழுந்தபோது என்னை இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள்.

"என்ன எழுத்தாளரே, இத எழுதுவியா?" என்றார் அத்திம்பேர். காலையிலிருந்து சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"மொதல்ல எழுந்துக்கறேன் அத்திம்பேர்."

ஏழாவது ஆவர்த்தியின் நடுவில், எழுந்து வெளியே போய்க் காலை நீட்டினால் என்ன என்று தோன்றியது. ஒரு நாமத்தை விட்டால்கூட யாருக்கும் தெரியப்போவதில்லை. எனக்கு நம்பிக்கை எவ்வளவு உண்டு என்பதை நானே அளந்து பார்த்ததில்லை. ஆனால் அந்தத் தாளில் கோடு போட்டு வகுத்தவன் நான். மீதி இருநூற்றுப் பதினாறு என்று எழுதியவன் நான். ஒரு நாமம் குறைந்தால் அது இருநூற்றுப் பதினேழாகிவிடும். இருநூற்றுப் பதினேழில் இரண்டு நூற்றெட்டு போக ஒன்று அநாதையாக நிற்கும். பல்லைக் கடிக்க முடியாது, நாமம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே வேட்டியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு சொன்னேன். மற்ற பத்துப் பேரும் முடித்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஒன்பதாவது பாக்கை நான் நகர்த்தியபோது வாத்தியார், "அப்பாடா" என்றார். அது நாமாவளியில் இல்லை.

பிறகு அத்திம்பேர் நாற்காலியிலிருந்தே தொடங்கினார். மெதுவாக. பாதிக்கு மேல் போனதும் மூச்சு வாங்கியது, நிறுத்தினார். வாத்தியார் குனிந்து, "நான் சொல்லட்டுமா மாமா?" என்றார். அத்திம்பேர் வேண்டாமென்று கையை ஆட்டினார். அக்கா ஒரு பூவை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, வைத்த கையை எடுக்காமல் நின்றாள். அவர் மறுபடி ஆரம்பித்தார். நூற்றெட்டும் சொல்லி முடித்துவிட்டுத்தான் தண்ணீர் கேட்டார்.

கடைசி நூற்றெட்டு அக்காவுடையது. புத்தகம் பார்க்காமல், அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவள் மாதிரி கடகடவென்று சொன்னாள். கடைசி நாமம், கடைசிப் பூ. மணி அடித்தார்கள். அவள் கண் கலங்கும் என்று எதிர்பார்த்து நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"டாக்டருக்குப் போன் பண்ணு," என்றாள். "சொன்ன தேதிக்கு வரோம்னு சொல்லு."

போனோம். அதே நடைவழி, அதே கதவு. என் கையில் அதே பிளாஸ்டிக் பை, அதே பல்செட். கதவு சாத்தியதும் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது.

எனக்கு முட்டியில் சுரீர் என்றது. இவள் இப்போது எந்த எண்ணைப் பிடிக்கிறாளோ? லட்சத்துக்கு மேலே என்ன இருக்கிறது? மருந்துச் சீட்டைத் திருப்பி, பேனாவை எடுத்து, 1,00,00,008 என்று எழுதினேன். கோடு போட்டேன். புள்ளிப் பக்கமே போகவில்லை. ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது தடவை ஆயிரத்தெட்டு. மீதி அறுநூற்று நாற்பத்தெட்டு. அறுநூற்று நாற்பத்தெட்டு என்றால் ஆறு நூற்றெட்டு. இரண்டு முறை சரிபார்த்தேன்.

"அக்கா," என்றேன் மெதுவாக. "கோடியெட்டுன்னாலும் வரும். பாத்துட்டேன்."

அவள் கண்ணைத் திறந்து சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நூத்தெட்டுதான் வேண்டிண்டிருக்கேன்," என்றாள். "ஒன் முட்டிய நெனச்சுண்டு."

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்து, செவிலி அத்திம்பேரின் பெயரைச் சொல்லி, ஆள் நன்றாக இருக்கிறார், பல்செட்டைக் கேட்கிறார் என்றாள்.